ஐஎன்ஏ (இந்திய தேசிய இராணுவ) சிப்பாய், சிங்கப்பூர் நீ சூன் பால்காரர்: எங்கள் தாத்தாவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எது நடந்தாலும் சாப்பாடு முடிந்ததும் பேச்சு தாத்தாவிடம் வந்து நிற்கும். ஆளுக்கு ஒரு கதை. பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் இம்பாலில் போரிட்டவர். அத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் நேதாஜிக்கு மெய்க்காப்பாளர். பள்ளியில் 'என் குடும்ப வரலாறு' என்று கட்டுரை கேட்டால் உடனே எனக்கு ஃபோன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இந்தப் பக்கம்.

படிக்கும் முன் ஒன்று. இதில் மூன்று வகைச் செய்திகள் உண்டு: தாத்தா தம் வாயால் சொன்னவை, தாளில் இருப்பவை, நாமாகச் சேர்த்துக்கொண்டவை. மூன்றையும் கலக்காமல் எழுத முயன்றிருக்கிறேன். மூன்றாவது வகையில் உங்களுக்குப் பிடித்த கதை ஏதாவது இருந்தால் கோபப்படாதீர்கள்.

தாத்தாவுக்குச் சொந்த ஊர் எது? எப்படி மலாயா, சிங்கப்பூர் பக்கம் வந்தார்?

பட்டுக்கோட்டைப் பக்கம். அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு 1922 என்று இருக்கிறது. அதை அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் அட்டை போடும் கிராணி (எழுத்தர்) முகத்தைப் பார்த்து வயது எழுதியதும் உண்டு. கைக்குழந்தைப் பருவம் தாண்டிய வயதில் அம்மா அப்பாவோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். ஊர்க்காரக் கங்காணி ஒருவர் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்திருக்கிறார். செயிண்ட் ஜான்ஸ் தீவில் இறக்கி, அம்மை இருக்கிறதா, காலரா இருக்கிறதா என்று பார்த்து, அடைத்து வைத்து, பிறகு ஜொகூரில் கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். தீவைப் பற்றி அவருக்கு ஒன்றுதான் ஞாபகம்: தலையில் ஊற்றிய மருந்துத் தண்ணீர் கண்ணில் எரிந்தது.

லயத்து வீடு, பெரட்டு (விடிகாலை ஆள் கணக்கெடுப்பு), ரப்பர்ப் பால்வெட்டு. பன்னிரண்டு வயதில் அவரும் வாளி தூக்கினார். தோட்டப் பள்ளியில் தமிழ் எழுத்து கூட்டிப் படிக்கும் அளவுக்குப் படித்தார், அவ்வளவுதான். 1938இல் இந்திய அரசு, கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதன்பின் ஊரிலிருந்து புது ஆள் யாரும் வரவில்லை. ஊர்ச் செய்தியும் குறைந்துபோனது.

அவர் பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்தாரா, ஐஎன்ஏவில் இருந்தாரா?

ஐஎன்ஏவில். இந்திய தேசிய இராணுவத்தில்.

இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. 1942 பிப்ரவரி 15 அன்று புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். இரண்டு நாள் கழித்து, 17ஆம் தேதி, பிரிட்டிஷ் இந்தியப் படைச் சிப்பாய்களை ஃபேரர் பார்க் திடலில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களிலிருந்து மோகன் சிங் தலைமையில் முதல் ஐஎன்ஏ உருவானது. அது அந்த ஆண்டு டிசம்பரிலேயே கலைந்துவிட்டது. தாத்தா அந்தக் கூட்டத்தில் இல்லை. அப்போது அவர் கூலாய்த் தோட்டத்தில் இருந்தார்.

1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் தலைமை ஏற்றார், 5ஆம் தேதி பாடாங்கில் படையைப் பார்வையிட்டார். அதற்குப் பிறகுதான் தோட்டத்து ஆட்களையும் கடைப் பையன்களையும் பெரிய அளவில் சேர்த்தார்கள். துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராத மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். தாத்தா அவர்களில் ஒருவர், 1943 கடைசியில்.

இதனால் ஒன்று: பிரிட்டிஷ் படை எண், பிரிட்டிஷ் பதக்கம், பிரிட்டிஷ் பென்ஷன் என்று தேடுவதில் பயனில்லை. அவர் அந்தப் படையில் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

ஏன் சேர்ந்தார்? நாட்டுப்பற்றா?

நான் பதினைந்து வயதில் இதே கேள்வியை அவரிடம் கேட்டேன். மாட்டுக் கயிறு திரித்துக்கொண்டே சொன்னார்: "சயாமுக்குப் போனவன் திரும்பல. பட்டாளத்துல சோறு போட்டான்."

குடும்பத்தில் பலருக்கு இந்தப் பதில் பிடிக்காது. கட்டுரையில் எழுத முடியாது என்பார்கள். எனக்கு இதுதான் நம்பக்கூடிய பதில். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் வாங்க ஆள் இல்லை, தோட்டத்தில் வேலை இல்லை. அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கும் கீரையும்தான். வாழைமரம் அச்சடித்த நோட்டுக் கட்டு இருக்கும், அதைக் கொண்டுபோனால் கடையில் சாமான் இருக்காது. அப்போதுதான் சயாம் - பர்மா ரயில்பாதைக்கு ஆள் பிடித்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். தாத்தாவின் அப்பா 1943 நடுவில் அப்படிப் போனார். 415 கிலோமீட்டர் பாதை அது. அதில் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் செத்தார்கள். கொள்ளுத்தாத்தாவும் அங்கேயே போய்விட்டார். எந்த இடம், எந்தத் தேதி, எதுவும் கிடையாது. கூடப்போய்த் திரும்பிய ஒருவர் வந்து சொன்னதுதான்.

அடுத்த சுற்றில் இளவட்டங்களைப் பிடிப்பார்கள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. ஐஎன்ஏவில் பெயர் கொடுத்தவனை ரயில்பாதைக்கு இழுக்க மாட்டார்கள். அப்புறம் கணக்கு எளிதுதானே.

அதற்காக அவருக்கு நாட்டுப்பற்றே இல்லை என்று நான் சொல்லவில்லை. 'துரை முன்னால் செருப்புப் போடக் கூடாது' என்று வளர்ந்தவர் அவர். துப்பாக்கியோடு நிமிர்ந்து நின்றது அவருக்குப் பெரிய விஷயம். அதை அவர் சொன்னதும் உண்டு. சோற்றுக்காகச் சேர்ந்தவர் வேறொன்றுக்காகத் தங்கிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நேதாஜியை நேரில் பார்த்தாரா? கை குலுக்கினாரா?

பார்த்தார். பயிற்சி முகாமில், வரிசையில் நின்றபடி, தூரத்திலிருந்து. "தொப்பியும் கண்ணாடியும் தெரிஞ்சுது" என்பார். பேச்சு இந்துஸ்தானியில் இருந்ததால் பாதி புரியவில்லை. பக்கத்தில் ஒருவர் தமிழில் மாற்றிச் சொன்னபோதுதான் கை தட்டினார்களாம்.

கை குலுக்கிய கதையை முதலில் சொன்னவர் சித்தப்பா. அதுவும் மாப்பிள்ளை வீட்டார் முன்னால். மெய்க்காப்பாளர் கதை அதிலிருந்து முளைத்தது.

பயிற்சி எங்கே நடந்தது?

சிலேத்தாரில். உத்தரவெல்லாம் இந்துஸ்தானியில். 'தேஜ் சல்' என்றால் வேகமாக நட, 'தம்' என்றால் நில். தமிழ்ப் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமலே காலை மாற்றிப் போட்டுப் பழகினார்கள். இந்த இரண்டு உத்தரவும் எங்கள் பண்ணையில் முப்பது வருஷம் உயிரோடு இருந்தன. மேய்ச்சலுக்குக் கிளம்பும்போது மாட்டின் பின்னால் நின்று 'தேஜ் சல்' என்பார். தொழுவத்து வாசலில் 'தம்' என்றால் லட்சுமி என்ற வெள்ளைப் பசு உண்மையாகவே நின்றுவிடும். மற்ற மாடுகள் அதன் மேல் முட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்துச் சீனர் வீட்டுப் பிள்ளைகளும் இதைக் கற்றுக்கொண்டு தங்கள் பன்றிகளிடம் முயன்று பார்த்தார்கள். பன்றி கேட்கவில்லை.

இம்பாலில் போரிட்டாரா?

இல்லை. இம்பால், கோஹிமா சண்டை நடந்தது 1944 மார்ச் முதல் ஜூலை வரை. அப்போது தாத்தா இன்னும் மலாயாவைத் தாண்டவில்லை. 1944 பிற்பகுதியில்தான் ரயிலில் பர்மா போனார்.

எந்த ரயிலில் என்று கவனியுங்கள். பாங்காக்கிலிருந்து மோல்மேன் பக்கம் போக அன்று இருந்தது அந்தச் சயாம் பாதைதான். அப்பாவைத் தின்ற பாதையின் மேல் சரக்குப் பெட்டியில் உட்கார்ந்து போயிருக்கிறார். இதை என்னிடம் சொல்லவில்லை. என் அப்பாவிடம் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். மரப்பாலம் வரும்போதெல்லாம் வண்டி ஊர்ந்து போகும், பெட்டியில் ஒருத்தரும் பேச மாட்டார்கள் என்று.

பர்மாவில் அவர் சொன்ன இரண்டு பெயர்கள் ஐராவதி ஆறும் பொப்பா மலையும். 1945 பிப்ரவரி நடுவில் நியாங்-ஊ என்ற இடத்தில் பிரிட்டிஷ் படை ஐராவதியைக் கடந்தது. அங்கே எதிர்க்கரையில் இருந்தது ஜி. எஸ். தில்லான் தலைமையிலான நேரு படைப்பிரிவு. பீரங்கியும் விமானமும் அந்தப் பக்கம், வெறும் துப்பாக்கியும் வெறும் வயிறும் இந்தப் பக்கம். நிறைய பேர் சரணடைந்தார்கள், நிறைய பேர் ஓடினார்கள். தாத்தா பொப்பா மலைக்குப் பின்வாங்கியவர்களோடு போனார். அந்த வட்டாரம் பர்மாவின் வறண்ட பகுதி. "குண்டுக்குப் பயப்படல, தண்ணிக்குத்தான் அலைஞ்சோம்" என்பார். வாழ்நாள் முழுக்கக் குழாயை யாராவது சொட்டவிட்டால் அவருக்கு வரும் கோபத்துக்கு இதுதான் மூலம் என்பது பாட்டியின் கருத்து.

சுட்டாரா, யாரையாவது கொன்றாரா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சுட்டார். மற்றதை அவர் சொல்லவில்லை, நாங்களும் துருவவில்லை.

மலேரியா முற்றி ரங்கூனுக்கு அனுப்பப்பட்டார். ஏப்ரல் 24 அன்று நேதாஜி ரங்கூனை விட்டுக் கிளம்பினார். நகரத்தில் கொள்ளை நடக்காமல் பார்த்துக்கொள்ள ஐஎன்ஏவில் ஒரு பகுதியை லோகநாதன் என்ற தமிழ் அதிகாரியின் கீழ் விட்டுப்போனார்கள். மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷார் உள்ளே வந்தபோது தாத்தா மருத்துவமனைப் பாயில் கிடந்தார். கைதியாகி, விசாரிக்கப்பட்டு, 'தோட்டத்துக் கூலி, விடலாம்' என்று முடிவாகி, 1946இல் கப்பலில் திரும்பினார்.

குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றும் சீருடைப் படம் ஐஎன்ஏ படம்தானே?

இல்லை. தயவுசெய்து அதை ஆகஸ்ட் 15க்கு அனுப்புவதை நிறுத்துங்கள்.

அது 1940களின் கடைசியில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஜாகா (காவல்காரர்) வேலை பார்த்தபோது எடுத்த படம். காக்கிச் சட்டை, அகலமான பெல்ட், கையில் குண்டாந்தடி. மார்பில் இருப்பது பதக்கம் அல்ல, தளத்துக்குள் போகவர உதவும் பாஸ். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், எண் தெரியும். அதாவது யாரை எதிர்த்துப் போனாரோ அதே பிரிட்டிஷ் கடற்படையின் வாசலைக் காத்த படம் அது. எனக்கு இது இன்னும் நல்ல படமாகத்தான் தெரிகிறது.

ஐஎன்ஏ காலத்துப் படம் ஒன்றும் இல்லை. இருந்த தாள்களை ரங்கூனிலேயே எரித்துவிட்டதாகச் சொன்னார்.

போர் முடிந்ததும் ஏன் தோட்டத்துக்குத் திரும்பவில்லை?

திரும்பினார். லயத்து வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. அம்மாவும் இறந்துபோயிருந்தார். முகாமில் கூட இருந்த நண்பர் ஒருவர், 'நேவல் பேஸில் ஆள் எடுக்கிறான், வா' என்று செய்தி அனுப்ப, பாலம் கடந்து சிங்கப்பூர் வந்தார். 1948இல் மலாயாவில் அவசரகாலம் வந்து தோட்டங்களைச் சுற்றி முள்வேலி போட்டபோது, வந்ததே நல்லதாயிற்று என்று நினைத்தாராம்.

சிங்கப்பூர் திரும்பிய பிரிட்டிஷார் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, எஸ்பிளனேடில் இருந்த ஐஎன்ஏ நினைவுச் சின்னத்தை இடித்தது. 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய சின்னம், செப்டம்பரிலேயே இல்லாமல் போயிற்று. அந்த இடத்தில் 1995இல்தான் ஒரு நினைவுப் பலகை வந்தது. அதனால் தளத்தில் வேலை பார்த்த வருஷங்களில் பர்மாவைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. திறந்தால் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம்.

பண்ணை எங்கே இருந்தது? எவ்வளவு நிலம்?

இனிமேல்தான் அவருடைய வாழ்க்கை என்று நான் சொல்வேன். பட்டாளம் மூன்று வருஷத்துக்கும் குறைவு. பண்ணை முப்பது வருஷம்.

நீ சூன் வட்டாரத்தில், செம்பவாங் சாலையிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில், பழைய ரப்பர்க் காடு முடியும் இடத்தில் சுமார் இரண்டு ஏக்கர். இன்று அங்கே ஈசூன் அடுக்குமாடிகள். சொந்த நிலம் அல்ல. தற்காலிக உரிமத்தில் வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டி இருந்த நிலம். அந்தத் 'தற்காலிகம்' என்ற சொல்லை அவர் உட்பட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிணறு வெட்டினார், தென்னை வைத்தார்.

முதலில் ஜாகா வேலையோடு சேர்த்து இரண்டு பசு. 1952வாக்கில் வேலையை விட்டார். பிறகு பசு, எருமை எல்லாம் சேர்த்துத் தொழுவத்தில் பத்துப் பன்னிரண்டு நின்றன. அதிகாலை மூன்று மணிக்குக் கறவை. நான்கரைக்கு சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, தளத்து ஊழியர் குடியிருப்புக்குப் போவார். தமிழர், மலையாளி வீடுகளில் போத்தல் கணக்கில் ஊற்றுவார். சுவரில் கரிக்கோடு, மாசக் கடைசியில் வசூல். பாலில் தண்ணீர் கலந்தார் என்று அவரை யாரும் சொன்னதில்லை. மழை நாளில் கேன் மூடி சரியாக இல்லாவிட்டால் அவரே சொல்லி விலை குறைத்துக்கொள்வாராம். இது எதிர்வீட்டு மலையாளி அம்மா என் அத்தையிடம் சொன்னது, ஆகவே வகை ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீனி ஒரு தனிக் கதை. புல்லறுக்கத் தினமும் ரப்பர்க் காட்டு ஓரம் போக வேண்டும். அதோடு தேங்காய்ப் புண்ணாக்கு, தௌஃபூ செய்கிறவரிடம் வாங்கும் சோயாச் சக்கை. சக்கை புளிப்பதற்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மாடு கழியும். பால் கூடும், ஆனால் கொழுப்புக் குறையும் என்று சக்கையை அளந்துதான் போடுவார்.

மீதி நிலத்தில் வாழை, முருங்கை, கறிவேப்பிலை, கீரை, பாகல், பயற்றங்காய். சிங்கப்பூரின் சிவப்பு மண் பார்க்கத்தான் அழகு. புளிப்பு மண், மழை அடித்தால் சத்து அத்தனையும் ஓடிவிடும். சாம்பலும் சாணமும் போட்டுப் போட்டுத்தான் அதை மண்ணாக்கினார். தோட்டத்தில் வாழை, பழத்துக்காக அல்ல, இலைக்காக. காற்றில் கிழியாமலிருக்கத் தாழ்வான பக்கத்தில் நெருக்கி நட்டு, குருத்து முழுதாக விரியும் முன்பே அறுத்து, சுருட்டிக் கட்டி, வியாழக்கிழமை இரவே தேக்கா (லிட்டில் இந்தியா) சந்தைக்கு அனுப்புவார். வெள்ளிக்கிழமை சைவச் சாப்பாட்டுக்கு இலை கேட்பார்கள் இல்லையா. பொங்கலும் தீபாவளியும் வந்தால் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

அண்டை வீட்டுக்காரர் பன்றி வளர்த்த தியோச்சியூக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, தாத்தாவுக்குத் தியோச்சியூ தெரியாது, சந்தை மலாயில் முப்பது வருஷம் சண்டை போட்டுக்கொண்டார்கள். வாய்க்கால் தகராறு. அதே மனிதர்தான் தாத்தாவுக்கு அம்மை போட்டபோது பத்து நாள் மாடு கறக்க ஆள் பிடித்துக் கொடுத்தார்.

பாட்டி ராணி ஜான்சி படையில் இருந்தாரா?

இல்லை. 1943இல் பாட்டிக்கு வயது பத்து. ஐஎன்ஏவின் பெண்கள் பிரிவான ராணி ஜான்சி படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தார்கள் என்பது உண்மை. அதனால் எல்லா வீட்டிலும் ஒரு பாட்டி அதில் சேர்ந்துவிடுகிறார்.

எங்கள் பாட்டி நேவல் பேஸ் தொழிலாளி மகள். 1950இல் கல்யாணம். பண்ணையில் பணம் பார்த்தவர் அவர்தான். பால் கணக்கு, இலைக் கணக்கு, விபூதிக்கு வரட்டி விற்ற கணக்கு எல்லாம் ஒரு நீல நோட்டில் இருக்கிறது. தாத்தா கடனுக்குப் பால் ஊற்றுவார், பாட்டி போய் வாங்கி வருவார். நான்கு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு வரட்டியில் வந்தது என்று அவர் சொன்னால் நோட்டும் அதையே சொல்கிறது. தாத்தாவைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கிறவர்கள் பாட்டியைப் பற்றி இந்த ஒன்றுதான் கேட்கிறார்கள். அதுவும் பட்டாளத்தைப் பற்றி.

குடியுரிமை எப்போது வாங்கினார்?

1957இல் சட்டம் வந்ததும் பெயர் பதிந்தார். ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்ததா என்றால், நிலம் வாங்கி வைக்கச் சொல்லி அண்ணன் முறைக்காரர் ஒருவருக்குப் பணம் அனுப்பினார். நிலம் வாங்கப்பட்டது, வாங்கியவர் பெயரில். அதோடு அந்த எண்ணம் போயிற்று.

பண்ணை ஏன் நொடித்தது?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வந்து எடுத்துக்கொண்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அதற்குப் பத்து வருஷம் முன்பே பால் வியாபாரம் படுத்துவிட்டது. பிரிட்டிஷார் படையை விலக்கிக்கொள்வதாக அறிவித்து 1971இல் போனார்கள். தளத்தில் வேலை பார்த்தவர்கள் பலர் கைநிறையப் பணம் வாங்கிக்கொண்டு கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கப்பலேறினார்கள். தாத்தாவின் வாடிக்கையாளர்கள் அவர்கள்தான். தெருத்தெருவாகக் காலி. மிச்சம் இருந்தவர்கள் டின் பாலுக்கும் பவுடருக்கும் மாறினார்கள். மாடுகளைப் பாதியாகக் குறைத்து இலையிலும் கறிவேப்பிலையிலும்தான் கடைசி வருஷங்கள் ஓடின.

1978 டிசம்பர் 2 பெருமழையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் பதிவான மழை. எங்களுக்கு மாடு போகவில்லை, ஆனால் கீரைப் பாத்தி அத்தனையும் வாய்க்காலோடு போனது. அறுபதுகளில் சிங்கப்பூரில் சுமார் 20,000 பண்ணைகள் இருந்தன என்பார்கள். நாங்கள் அந்த வரிசையின் வால்.

நிலத்துக்கு இழப்பீடு கிடைத்ததா?

நிலத்துக்கு இல்லை, அது அரசு நிலம். வீடு, தொழுவம், கிணறு, மரம் ஆகியவற்றுக்குக் கிடைத்தது. 1980களின் தொடக்கத்தில் அதிகாரி ஒருவர் பலகையும் தாளுமாக வந்து மரங்களை எண்ணினார். காய்க்கிற மரத்துக்கு ஒரு விலை, கன்றுக்கு ஒரு விலை. தாத்தா கூடவே நடந்தார். முருங்கையை எந்த வகையில் போடுவது என்று இருவருக்கும் வாக்குவாதம். 'பழமரம் இல்லையே' என்கிறார் அதிகாரி. தாத்தா கொப்பை வளைத்து நான்கு காயைப் பறித்து அவர் பலகை மேலேயே வைத்துவிட்டார். சரி என்று எழுதிக்கொண்டாராம். காயையும் வீட்டுக்கு எடுத்துப்போனாராம்.

மாடுகளை வாங்க ஜொகூரிலிருந்து ஆள் வந்தார். குடும்பம் ஈசூனில் நான்கறை வீட்டுக்குப் போனது. முதல் ஒரு வருஷம் தாத்தா மூன்று மணிக்கு எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார். பிறகு நடைபாதையில் தொட்டி வைத்தார், இரண்டு, ஐந்து, பதினைந்து. வழியை அடைக்கிறது என்று கடிதம் வந்தது. குறைத்தார், மறுபடி கூடியது. கறிவேப்பிலை வாங்க நான்கு மாடியிலிருந்து ஆள் வந்தார்கள், காசு வாங்கவில்லை. அதில் பாட்டிக்கு வருத்தம்.

இந்திய அரசின் தியாகிகள் பென்ஷன் வாங்கினாரா?

விண்ணப்பிக்கவில்லை. 1972இல் வந்த அந்தத் திட்டத்தில் ஐஎன்ஏவினருக்கும் இடம் உண்டு, ஆனால் குறைந்தது ஆறு மாதச் சிறைக்குச் சான்று வேண்டும். அதற்குள் அவர் சிங்கப்பூர்க் குடிமகன். 'எதுக்கு?' என்றார், அதோடு விட்டார்.

எங்கள் தாத்தாவும் ஐஎன்ஏதான். எங்கே தேடலாம்?

குடும்பத்துக்கு வெளியிலிருந்தும் இதைக் கேட்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விவரமாக.

முதலில் அவர் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்: பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து மாறியவரா, நேராகச் சேர்ந்த மலாயாக்காரரா. முதல் வகைக்குப் படைப்பிரிவுப் பதிவு எங்கோ இருக்கும். இரண்டாம் வகைக்குப் பெரும்பாலும் வாய்ச்சொல்தான். கிராஞ்சிப் போர் நினைவிடத்தில் போய்ப் பெயர் தேடி ஏமாறாதீர்கள். அங்கே இருப்பவை காமன்வெல்த் படையினரின் பெயர்கள்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் ஜப்பானியர் காலம் பற்றிய பேட்டிகள் நிறைய உண்டு, தமிழிலும் உண்டு. உங்கள் தாத்தா அதில் இல்லாவிட்டாலும் அதே முகாமில் இருந்தவர் இருக்கலாம். தேசிய நூலக வாரியத்தின் இணையத் தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்கள் கிடைக்கின்றன. மரண அறிவிப்புகளில் 'முன்னாள் ஐஎன்ஏ' என்று போட்டிருப்பார்கள். டெல்லியில் உள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் பட்டல்' தளத்தில் ஐஎன்ஏ கோப்புகள் பலவற்றை ஏற்றியிருக்கிறார்கள். பெயர் எழுத்துக்கூட்டலை நான்கைந்து விதமாகப் போட்டுத் தேடுங்கள், வடநாட்டுக் கிராணி நம் பெயரை என்ன பாடுபடுத்தியிருப்பான் என்று சொல்ல முடியாது. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் ஐஎன்ஏ பொருள்கள் காட்சியில் இருக்கின்றன.

பண்ணையைத் தேடுகிறவர்களுக்கு என் ஆலோசனை: காப்பகத்தில் பிரிட்டிஷ் விமானப்படை எடுத்த வான்படங்கள் இருக்கின்றன. பழைய சாலை வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். எங்கள் கிணற்றையும் தொழுவக் கூரையையும் அப்படித்தான் கண்டுபிடித்தோம். போர்க்கால வாழ்க்கைக்குக் கிடைக்காத தடயம் விவசாயிக்கு நிறையவே கிடைக்கிறது: உரிமத் தாள், வரி ரசீது, இழப்பீட்டுக் கடிதம். வீட்டு அலமாரியின் அடித்தட்டில்தான் இருக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இந்தப் பக்கத்தில் திருத்தம் இருந்தால்?

அனுப்புங்கள். கூடவே இரண்டு விவரம் வேண்டும்: உங்களுக்கு யார் சொன்னது, அவர் அப்போது அங்கே இருந்தாரா. பழைய படம் இருந்தால் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள். ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். நீல நோட்டு இப்போது அத்தை வீட்டில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டார்.